இடுப்பு மாற்று அறுவைக்கு 3டி கைடு: அம்மாவுக்கு அது தேவையா?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அம்மாவுக்கு வயது 48. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. சிறு வயதிலிருந்தே வலது காலை விந்தி விந்தித்தான் நடப்பார். இப்போது இரவில் தூங்கவிடாத வலி. கால் ஏறக்குறைய 3 செ.மீ. குட்டை. ஈப்போவில் பார்த்த எலும்பு நிபுணர், இடுப்புக் குழி பிறவியிலிருந்தே ஆழமில்லாமல் வளர்ந்திருக்கிறது, முழு இடுப்பு மாற்று செய்ய வேண்டும், ஸ்கேன் எடுத்து 3டி பிரிண்டரில் ஒரு கைடு செய்துகொண்டால் நல்லது என்றிருக்கிறார். அது என்ன, காசு செலவழிக்கும் அளவுக்கு அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கைடு தானாக எதையும் சரிசெய்யாது. அறுவைக்கு முன் கம்ப்யூட்டரில் போட்ட திட்டத்தின் திசையை அறுவை மேசைக்குக் கொண்டுவரும் ஒரு பிளாஸ்டிக் அச்சு, அவ்வளவுதான். திட்டம் சரியாக இருந்து, அச்சு எலும்பில் சரியாக உட்கார்ந்தால் பெரிய உதவி. இரண்டில் ஒன்று பிசகினாலும் தவறான திசையை நம்பிக்கையோடு காட்டும். அதனால் "கைடு இருக்கிறதா" என்பதைவிட "திட்டம் என்ன" என்பதைத்தான் டாக்டரிடம் அதிகம் கேட்க வேண்டும்.

முதலில் இந்த இடுப்பு ஏன் மற்றவர்களுடையதைப் போல இல்லை என்பது. சாதாரணமாக இடுப்பெலும்பில் உள்ள குழி, தொடையெலும்பின் பந்தை மேலிருந்து நன்றாக மூடும். எக்ஸ்ரேயில் பந்தின் நடுவிலிருந்து குழியின் வெளி விளிம்புக்குக் கோடு போட்டு, அது செங்குத்துக் கோட்டிலிருந்து விலகும் கோணத்தை அளப்பார்கள். அது 25 டிகிரிக்கு மேல் இருந்தால் சரி; 20-க்குக் கீழ் போனால் குழி போதாது. முன்பக்கமும் மேல் வெளிப்பக்கமும் எலும்பு குறைவாக இருப்பதால், உடம்பு எடை முழுவதும் ஒரு சிறிய விளிம்பில் இறங்குகிறது. பல வருடம் அப்படியே நடந்தால் குருத்தெலும்பு தேய்ந்து, பந்து மெல்ல மேலே நகர்கிறது. எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை வைத்து 1979-இல் வந்த குரோவ் பிரிவுகளைப் பயன்படுத்துவார்கள்: பந்தின் உயரத்தில் 50 விழுக்காட்டுக்குள் நகர்ந்திருந்தால் முதல் பிரிவு, 50 முதல் 75 வரை இரண்டு, 75 முதல் 100 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. அம்மா எந்தப் பிரிவு என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கைடு வேண்டுமா வேண்டாமா என்பதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

முதல் பிரிவில் அனுபவமுள்ள டாக்டர் எக்ஸ்ரேயும் நல்ல ஸ்கேனும் வைத்தே நன்றாகச் செய்துவிடுவார். கைடு இருந்தால் கெட்டுப்போகாது, இல்லாவிட்டாலும் பெரிய நட்டமில்லை. இரண்டிலும் மூன்றிலும்தான் அதன் மதிப்பு கூடுகிறது. பந்து மேலே ஏறி உரசி உரசி, அங்கே ஒரு பொய்க்குழி உண்டாகியிருக்கும். உண்மைக் குழி அதற்குக் கீழே, முக்கோண வடிவத்தில் குறுகி, எலும்புத் துருத்தல்களாலும் தழும்புத் திசுவாலும் மூடிக் கிடக்கும். வழக்கமாகக் கண்ணுக்குப் படும் அடையாளங்கள் இடம் மாறியிருக்கும். நான்காம் பிரிவில் பெரும்பாலும் தொடையெலும்பைக் குறுக்கே வெட்டிச் சில செ.மீ. குறைக்க வேண்டி வரும். அப்போது எங்கே, எந்தக் கோணத்தில், எவ்வளவு வெட்டுவது என்பதற்கே தனியாக ஒரு கைடு செய்வார்கள்.

கோணம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பலர் நோயாளிக்கு விளக்குவதில்லை. குழி சிறியது என்பதால் உள்ளே பொருத்தும் உலோகக் கப்பும் சிறியதாக இருக்க வேண்டும். 42, 44, 46 மி.மீ. அளவுகள் சாதாரணம். 44 மி.மீ. கப் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலோகச் சுவர் இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 8 மி.மீ. எடுத்துக்கொள்ளும். உள்ளே வரும் பிளாஸ்டிக் லைனருக்குப் பக்கத்துக்கு 6 மி.மீ. விட்டால் 12 போய்விடும். மிச்சம் 24. ஆகவே 22 மி.மீ. தலைதான் (புது மூட்டின் பந்தைத் தலை என்பார்கள்) போட முடியும். பெரிய இடுப்புக்காரர்களுக்குப் போடும் 32 அல்லது 36 இங்கே இடம் பிடிக்காது. தலை சிறியதாக இருந்தால் கப்பை விட்டு நழுவ அது கடக்க வேண்டிய தூரமும் குறைவு. பெரிய தலை பொறுத்துக்கொள்ளும் கோணப் பிழையைச் சிறிய தலை பொறுத்துக்கொள்ளாது. 1978-இல் லூவினெக் குழுவினர் சொன்ன வழக்கமான வரம்பு, கப்பின் சாய்வு 40 டிகிரி, முன்திருப்பம் (முன்பக்கம் நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 15 டிகிரி, இரண்டிலும் 10 கூடலாம் குறையலாம் என்பது. அந்த வரம்புக்குள் இருந்தாலும் நழுவலாம் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். தொடையெலும்பின் முன்திருப்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: சாதாரணமாக 10 முதல் 15 டிகிரி இருக்கும் அது, இந்தக் குறை உள்ளவர்களில் 40-ஐயும் தாண்டலாம். கப், தொடையெலும்புக்குள் இறக்கும் தண்டு இரண்டின் முன்திருப்பமும் கூடி 25-க்கும் 45-க்கும் இடையில் அமையும்படி திட்டமிடுவது வழக்கம். தண்டின் திருப்பத்தைத் தனியாகச் சரிசெய்ய முடிகிற மாதிரி, கூம்பு வடிவ நேர்த்தண்டோ இரு பகுதியாக வரும் தண்டோ தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான். தொடையெலும்பின் உட்குழாயும் குறுகலாக இருக்கும். மிகச் சிறிய அளவுத் தண்டு அறுவை நாளன்று கையில் தயாராக இருக்கிறதா என்று கேட்பது மிகையான கேள்வி அல்ல.

இனி சி.டி. ஸ்கேன். கைடு செய்வதற்கான ஸ்கேன் வழக்கமான இடுப்பு ஸ்கேன் அல்ல. ஸ்கேனில் வரும் ஒவ்வொரு படத் துண்டின் தடிமனும் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக வேண்டும். இடுப்பெலும்பின் மேல் நுனியிலிருந்து தொடங்கி, முழங்காலின் இரண்டு குமிழ்களும் தெரிகிற வரை எடுக்க வேண்டும். இடையில் உள்ள தொடையை விட்டுவிட்டு முழங்காலை மட்டும் சில துண்டு எடுத்தாலும் போதும். முழங்கால் இல்லாமல் தொடையெலும்பின் முன்திருப்பத்தை அளக்கவே முடியாது. இடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, மறுபடி ஈப்போவுக்கு 30 கிலோமீட்டர் போய் ஸ்கேன் எடுக்கும் நிலை வராமல் இருக்க, ஸ்கேன் சீட்டில் "முழங்கால் சேர்த்து" என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடுப்பு எடுக்கும்போதும் முழங்கால் எடுக்கும்போதும் கால் அசையக் கூடாது. வலியால் அம்மா காலைத் திருப்பினால் அளவு முழுதும் பொய்யாகிவிடும். பாதங்களை லேசாகக் கட்டிவிடச் சொல்லலாம், வலி மாத்திரை முன்கூட்டியே போட்டுக்கொள்ளலாம். மறு இடுப்பில் ஏற்கெனவே உலோகம் இருந்தால் படத்தில் கீற்றுக்கீற்றாக ஒளி சிதறும். அதைக் குறைக்கும் முறையில் எடுக்கச் சொல்ல வேண்டும். ஸ்கேனுக்கும் அறுவைக்கும் இடையே அதிக நாள் போனால் எலும்பு மேலும் தேய்ந்து வடிவம் மாறியிருக்கும், பழைய ஸ்கேனில் செய்த கைடு உட்காராது. ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டால் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்கேன் படத்திலிருந்து எலும்பை மட்டும் பிரித்தெடுப்பது அடுத்த வேலை. தேய்ந்த மூட்டில் பந்தும் குழியும் ஒட்டிக் கிடப்பதால் மென்பொருள் இரண்டையும் ஒரே எலும்பாகப் படித்துவிடும். துண்டு துண்டாகக் கையால் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டுச் செய்தால் குழியின் விளிம்பில் அரை மி.மீ., ஒரு மி.மீ. பிழை சேர்ந்துவிடும். கைடு உட்காரப் போகும் இடமே அதுதான்.

பிறகு திட்டம். இடுப்பெலும்பின் முன்பக்க இரண்டு முனைகளையும் பூப்பெலும்பையும் வைத்து ஒரு தளம் அமைத்து, அதை அடிப்படையாகக் கொண்டு கப்பின் கோணத்தைச் சொல்வார்கள். இங்கே ஒரு பெரிய சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஸ்கேன் எடுக்கும்போது அம்மா படுத்திருக்கிறார். மூட்டு வேலை செய்வதோ நிற்கும்போதும் உட்காரும்போதும். நிற்கும்போது இடுப்பு முன்னாலோ பின்னாலோ சாயும். இடுப்பு 10 டிகிரி பின்னால் சாய்ந்தால் கப்பின் முன்திருப்பம் ஏறக்குறைய 7 டிகிரி கூடும். ஆழமில்லாத குழி உள்ளவர்கள் பந்தை மூடிக்கொள்வதற்காக இடுப்பை முன்னால் சாய்த்தே பழகியிருப்பார்கள். புது மூட்டு வந்து, வயதும் ஏறும்போது அது பின்னால் போகலாம். ஆகவே நிற்கும் நிலையிலும் உட்காரும் நிலையிலும் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்காமல் வெறும் படுத்த ஸ்கேனை வைத்துப் போட்ட திட்டத்தை நான் முழுமையான திட்டம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். இதற்கு ஆகும் செலவு கைடோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

கப்பை எங்கே வைப்பது என்பதும் திட்டத்தில் முடிவாக வேண்டும். முடிந்தவரை உண்மைக் குழியில், கீழ் விளிம்பை ஒட்டி, உட்சுவருக்கு அருகில் வைப்பது நல்லது. அப்படி வைத்தால் கப்பின் மேல் வெளிப்பக்கம் எவ்வளவு எலும்பில்லாமல் திறந்து நிற்கும் என்று மென்பொருள் விழுக்காட்டில் காட்டும். 30 விழுக்காடு வரை பலரும் ஏற்றுக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால், வெட்டி எடுத்த அம்மாவின் பந்தையே செதுக்கித் திருகாணி போட்டுக் கூரையாக வைப்பார்கள், அல்லது துளைகள் நிறைந்த உலோகத் துண்டு சேர்ப்பார்கள், அல்லது கப்பை இன்னும் உள்ளே தள்ளுவார்கள், அல்லது சற்று மேலே வைப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு: மேலே வைத்தால் கால் நீளம் திரும்ப வராது, தசையின் பிடியும் தளரும்; உள்ளே அதிகம் தள்ளினால் உட்சுவர் உடையும்.

கைடு என்று கடைசியில் கைக்கு வருவது, உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு. பெரும்பாலும் பாலியமைடு 12 என்னும் நைலான் பொடியை லேசரால் உருக்கி அடுக்கடுக்காகச் செய்வது. சுவர் 3, 4 மி.மீ.-க்குக் குறைந்தால் நீராவியில் கிருமி நீக்கும்போது வளையும் ஆபத்து உண்டு. குழிக்கான கைடில் இரண்டு வகை உண்டு. ஒன்று குழியின் அடித்தளத்தில் உட்கார்ந்து நடுவில் கம்பி போடும். மற்றது விளிம்பில் உட்கார்ந்து, குழிக்கு மேலே எலும்பில் ஒரு கம்பியைக் கப்பின் திசைக்கு இணையாகப் போடும். இரண்டாவதில் கைடை எடுத்த பிறகும் கம்பி நிற்பதால், குழியைக் குடையும் ரீமரை ஓட்டும்போதும் கப்பை அடிக்கும்போதும் திசையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். அது எனக்குக் கூடுதல் நம்பிக்கை தரும் வகை. துளையில் உலோகக் குழாய் செருகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் துளையிடும்போது பிளாஸ்டிக் சீவல் காயத்துக்குள் விழும். கைடோடு அம்மாவின் இடுப்பெலும்பு மாதிரியையும் அச்சிட்டு, அதையும் கிருமி நீக்கி மேசையில் வைத்திருப்பது மிக உதவும்: மாதிரியில் கைடு உட்காரும் விதத்தையும் உண்மை எலும்பில் உட்காரும் விதத்தையும் ஒப்பிடலாம்.

அறுவை மேசையில்தான் எல்லாம் கெடவும் செய்யும், கைகூடவும் செய்யும். சி.டி.யில் எலும்பு தெரியும். குருத்தெலும்பும், குழி விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரம் என்னும் மென்வளையமும், தழும்பும் கைடின் வடிவத்தில் வராது. கைடு எலும்பின் மேல் உட்காரும்படி செய்திருந்தால், அந்த இடத்தில் மென்திசு ஒரு துளிகூட இருக்கக் கூடாது. 50 மி.மீ. அகலக் கைடின் ஒரு பக்கத்தில் 2 மி.மீ. திசு மிஞ்சினாலே திசை 2.3 டிகிரி சாயும், 4 மி.மீ. மிஞ்சினால் 4.6 டிகிரி. ஆனால் எலும்புத் துருத்தல்களைக் கண்டபடி செதுக்கவும் கூடாது, ஏனென்றால் சில துருத்தல்களின் மேல்தான் கைடு உட்காரும்படி வடிவமைத்திருப்பார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று திட்டத்தாளில் நிறம் போட்டுக் காட்டியிருக்க வேண்டும். கைடை வைத்ததும் மூன்று இடத்தில் விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். ஆடினால் மறுபடி சுத்தம் செய்ய வேண்டும். திரும்பவும் ஆடினால் அதை ஒதுக்கிவிட்டு வழக்கமான முறைக்குப் போக வேண்டும். இந்த முடிவை எடுக்கத் தயங்காத டாக்டர்தான் கைடை வைத்து வேலை செய்யத் தகுந்தவர்.

திசை சரியாக அமைந்த பிறகும் ஆழத்தைக் கைடு காட்டாது. ரீமரை 1 மி.மீ. படிகளாகப் பெரிதாக்கிக்கொண்டே உட்சுவரைப் பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். மேல்பக்கம் எலும்பு கல் போல இறுகியும் கீழே மென்மையாகவும் இருப்பதால் ரீமர் மென்மையான பக்கமாக வழுக்கும். முன்சுவர் மெல்லியது, அதைக் காப்பாற்ற வேண்டும். இறுக்கமாகப் பிடிப்பதற்காக ரீமரைவிட 1, 2 மி.மீ. பெரிய கப்பைச் சுத்தியால் அடித்து இறக்குவார்கள்; அந்த அடியிலும் கோணம் சில டிகிரி மாறலாம். ஆகவே கப் இறங்கிய பிறகு கம்பியோடு ஒப்பிட்டோ எக்ஸ்ரேயிலோ மறுபடி பார்ப்பது கட்டாயம்.

கால் நீளம் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். 3 செ.மீ.-யையும் முழுதாகச் சரிசெய்வது நல்லதா என்பது அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அம்மாவை நிற்கவைத்து, குட்டைக் காலுக்கடியில் பலகை பலகையாக வைத்து, எந்த உயரத்தில் நேராக நிற்பதாக அவருக்கே தோன்றுகிறது என்று பார்ப்பார்கள். நாற்பது வருடமாக முதுகெலும்பு சாய்ந்தே பழகி இறுகியிருந்தால், அளவுநாடா 3 காட்டினாலும் அவருக்கு 1.5 போதும், முழுதாக நீட்டினால் "கால் நீண்டுவிட்டது" என்ற தொல்லை தொடங்கும். ஒரே தடவையில் 4 செ.மீ.-க்கு மேல் இழுத்தால் காலுக்குப் போகும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பு பாதிக்கும் ஆபத்து கூடுகிறது. நான்காம் பிரிவில் தொடையெலும்பைக் குறைப்பது இதற்காகவே.

கைடு வைத்தால் கப்பின் கோணம் திட்டத்துக்கு நெருக்கமாக அமைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூட்டு நழுவுவதும் மறு அறுவையும் அதனால் குறைகின்றன என்பதற்கு அதே அளவு உறுதியான சான்று இன்னும் வரவில்லை. என் கருத்து: அம்மா இரண்டாம் அல்லது மூன்றாம் பிரிவு என்றால், டாக்டருக்கு இந்த முறையில் பழக்கமும் இருந்தால், செய்துகொள்ளலாம். முதல் பிரிவு என்றால் அந்தக் காசை நல்ல லைனருக்கும், பின்னால் வரும் பிசியோதெரபிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிக் கைடு செய்ய வேண்டியதில்லை.

விலையைக் கேட்கும்போது ஸ்கேன், திட்டம், கைடு, எலும்பு மாதிரி, உள்ளே வைக்கும் மூட்டு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அரசாங்க மருத்துவமனையில் செய்வதாக இருந்தால், மூட்டைச் சொந்தமாக வாங்கச் சொல்லும்போது அங்கே உள்ள மருத்துவச் சமூகப் பணிப் பிரிவுக்குப் போய் தாபோங் பந்துவான் பெருபாத்தான் (மருத்துவ உதவி நிதி) விண்ணப்பம் கேளுங்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி கிடைக்கும். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, டாக்டர் கடிதம் எல்லாவற்றையும் முதல் தடவையே கொண்டுபோய்விடுங்கள். கைடு தயாராகச் சில வாரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவருவதும், சொத்தைப் பல்லைப் பார்த்துவிடுவதும் தொற்றைத் தடுக்கும் வேலைகள்.

வீட்டையும் அதே வாரங்களில் தயார் செய்யுங்கள். குந்தும் கழிப்பறையாக இருந்தால் உயரமான கழிவறை நாற்காலி வாங்கி வையுங்கள். பின்பக்கமாகத் திறந்து செய்யும் அறுவை என்றால் முதல் 6 முதல் 12 வாரம் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, காலை உள்பக்கம் திருப்பக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது. தரையில் சம்மணமிட்டு உட்காருவதும், குந்திக்கொண்டு தரை துடைப்பதும் அந்தக் காலத்தில் கூடவே கூடாது. உதிரிப் பழம் பொறுக்குவது நாள் முழுதும் குனியும் வேலை, அதுவும் சரிவில். மூன்று மாதத்துக்கு முன் அதை நினைக்க வேண்டாம், அதற்குப் பிறகும் நின்று செய்யும் வேலைக்கு மாற்றித் தரும்படி டாக்டர் கடிதத்தோடு மண்டோரிடம் (தோட்ட மேற்பார்வையாளரிடம்) பேசிப் பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு காயத்தில் நீர் கசிந்தாலோ, பாதத்தை மேலே தூக்க முடியாமல் போனாலோ, கால் திடீரென்று குட்டையாகித் திரும்பிக்கொண்டாலோ, மறுநாள் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.